பிள்ளைக்கு முதல் கேமிங் கம்ப்யூட்டர்: பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை



பரீட்சை முடிந்து விடுமுறை நெருங்கும் போது நம் வீடுகளில் பலவற்றில் ஒரே பேச்சு எழுகிறது. "அப்பா, எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும்" என்று பிள்ளை கேட்கிறான். மகளும் கேட்கிறாள். ஊருக்குப் போக டிக்கெட், பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் போக மீதமிருக்கும் பணத்தில்தான் இதை வாங்க வேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்த 200, 250 ரியாலைத் தவறான பெட்டியில் போட்டுவிட்டால் மறுபடி சேர்க்க இரண்டு வருடம் ஆகும். பிள்ளைக்கும் ஏமாற்றம், பெற்றோருக்கும் மனக்கசப்பு. ஆகவே இந்த இதழின் பாடமாக இதை எடுத்துக்கொண்டுள்ளோம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும்படி வேண்டுகிறோம்.

1. முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கடைக்குப் போகும் முன் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, விளையாட விரும்பும் ஐந்து விளையாட்டுகளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். என்ன வாங்குவது என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்கிறது.

மைன்கிராப்ட், ரோப்லாக்ஸ், வேலொரன்ட் போன்றவை எளிய கம்ப்யூட்டரிலும் ஓடும். 2015ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5க்குக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். அண்மையில் வந்த பெரிய விளையாட்டுகளுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது. பிள்ளையின் ஆர்வம் சதுரங்கம் என்றால் கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு சதுரங்கம் கற்கும் குழந்தைகள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பே போதும்.

பெயர்களைப் பார்க்கும் போதே வயது வரம்பையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய 'பெகி' தரத்தின்படி மைன்கிராப்ட் 7 வயதுக்கு மேல், போர்ட்நைட் 12க்கு மேல், வேலொரன்ட் 16க்கு மேல், ஜிடிஏ 5 18க்கு மேல். வாங்கிய பின் தடுப்பதை விட வாங்கும் முன் பேசிக்கொள்வது எளிது.

2. பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கம்ப்யூட்டரில் ஏழு முக்கிய பாகங்கள். சமையலறையோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்குச் சட்டென்று புரியும்.

பிராசஸர் என்பது சமையல்காரர். என்ன செய்ய வேண்டும் என்று கணக்கிடுபவர் அவர்தான்.
கிராபிக்ஸ் கார்டு திரையில் தெரியும் படத்தை வரையும் தனிக் கைகாரர். விளையாட்டில் பெரும்பாரம் இவர் மேல்.
மெமரி என்பது சமையல் மேடை. மேடை சிறியதாக இருந்தால் வேலை தேங்கும்.
எஸ்.எஸ்.டி. என்பது சாமான் அறை. மின்சாரம் நின்றாலும் பொருள் அங்கே இருக்கும்.
மதர்போர்டு இவை எல்லாவற்றையும் இணைக்கும் பலகை.
பவர் சப்ளை என்பது அடுப்புக்கு வரும் எரிவாயு. அது சரியில்லை என்றால் சமையலறைக்கே ஆபத்து.
கேஸ் என்பது அறை. காற்றோட்டம் இருக்க வேண்டும்.

3. பணத்தைப் பங்கிடும் முறை

எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பங்கிட்டுக்கொண்டால் கடையில் மனம் அலைபாயாது. விளையாட்டுக்கான கம்ப்யூட்டருக்கு ஏறத்தாழ இப்படிப் பங்கிடலாம். நூறு பங்கில்:

கிராபிக்ஸ் கார்டு 35
பிராசஸர் 15
மதர்போர்டு 14
மெமரி 14
எஸ்.எஸ்.டி. 9
பவர் சப்ளை 8
கேஸ் 5

கையில் 250 ரியால் இருந்தால் கார்டுக்கு 87.500, பிராசஸருக்கு 37.500, மதர்போர்டுக்கும் மெமரிக்கும் தலா 35, எஸ்.எஸ்.டி.க்கு 22.500, பவர் சப்ளைக்கு 20, கேஸுக்கு 12.500 என்று வரும். இது கல்லில் செதுக்கிய சட்டம் அல்ல. ஒன்றில் இரண்டு ரியால் கூடினால் மற்றொன்றில் குறைக்கலாம். ஆனால் பவர் சப்ளையில் மட்டும் குறைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

மெமரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025ஆம் ஆண்டின் இறுதியில் உலகமெங்கும் மெமரி விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காகப் பெரிய நிறுவனங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டதே காரணம். 'க்ரூஷியல்' என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே போன வருடம் நண்பர் வாங்கிய விலையைச் சொல்லிப் பேரம் பேசிப் பயனில்லை. வாங்கும் வாரத்திலேயே புதிய கொட்டேஷன் வாங்குங்கள்.

ஓமானில் 2021 ஏப்ரல் 16 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. "வரி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று முதலிலேயே கேளுங்கள். வரி சேர்க்காமல் 250 என்றால் கையை விட்டுப் போவது 262.500. வரியோடு 250க்குள் அடங்க வேண்டும் என்றால் பாகங்களின் விலை சுமார் 238 ரியாலுக்குள் நிற்க வேண்டும்.

4. இரண்டு கொட்டேஷன்கள்: ஒரு பயிற்சி

ரூவியில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஹை ஸ்ட்ரீட்டிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் நடக்கும் தூரத்தில் பல கடைகள். ஒரே மாலையில் மூன்று கடைகளில் கேட்டுவிடலாம். தமிழிலோ மலையாளத்திலோ இந்தியிலோ பேசலாம். வாயால் சொல்லும் விலையோடு நிற்காமல், ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் மாடல் எண்ணும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். "ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கார்டு" என்று மட்டும் எழுதித் தந்தால் அது கொட்டேஷன் ஆகாது.

ஒரு குடும்பத்துக்கு 250 ரியாலில் இரண்டு கொட்டேஷன் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

முதல் தாள்: ஐ7 பிராசஸர் (மாடல் 4770), 16 ஜிபி மெமரி, ஜிடி 730 4 ஜிபி கார்டு, "500 வாட்" பவர் சப்ளை, கண்ணாடிக் கேஸ், கலர் விளக்குகள், விளக்கு எரியும் கீபோர்டு, ஹெட்செட், மானிட்டர்.

இரண்டாம் தாள்: ஐ3 பிராசஸர் (மாடல் 12100எஃப்), 16 ஜிபி மெமரி, ரேடியான் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கார்டு, தரச் சான்று உள்ள 550 வாட் பவர் சப்ளை, 500 ஜிபி எஸ்.எஸ்.டி., சாதாரணக் கேஸ். மானிட்டர் இல்லை. விளக்கு இல்லை.

பிள்ளையின் கண் முதல் தாளுக்குத்தான் போகும். நமக்கும் "ஐ7 பெரியது, ஐ3 சிறியது" என்றுதான் தோன்றும். நிதானமாகப் பார்ப்போம்.

ஐ7-4770 வந்தது 2013ல். ஐ3-12100எஃப் வந்தது 2022ல். இரண்டிலும் நான்கு கோர்கள், எட்டு த்ரெட்கள். ஒன்பது வருட முன்னேற்றத்தால் பின்னால் வந்த ஐ3 தெளிவாக வேகமானது. 3, 5, 7 என்ற எண் ஒரே தலைமுறைக்குள் யார் பெரியவர் என்பதை மட்டும் சொல்கிறது. தலைமுறையைச் சொல்வது அதற்குப் பின் வரும் எண். 4770ல் முதல் எண் 4, அதாவது நான்காம் தலைமுறை. 12100ல் முதல் இரண்டு எண் 12, பன்னிரண்டாம் தலைமுறை.

இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அந்தப் பழைய ஐ7 பட்டியலில் இல்லை. விண்டோஸ் 11ல் வேலொரன்ட் போன்ற விளையாட்டுகள் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளையும் கேட்கின்றன. அவை இல்லாவிட்டால் விளையாட்டு திறக்காது.

அடுத்து கார்டு. ஜிடி 730 2014ல் வந்தது. திரையில் படம் காட்டவும் வீடியோ பார்க்கவும் ஏற்ற எளிய கார்டு. "4 ஜிபி" என்பது அதன் பலம் அல்ல. அது வைத்திருக்கும் பாத்திரத்தின் அளவு. அண்டா பெரிதாக இருந்தும் அடுப்பு சிறிதாக இருந்தால் சாதம் சீக்கிரம் வேகாது. ஆர்எக்ஸ் 6600 2021ல் விளையாட்டுக்கென்றே வந்தது. 1920க்கு 1080 புள்ளித் திரையில் பெரும்பாலான விளையாட்டுகளை நன்றாக ஓட்டும்.

இரண்டாம் தாளில் மானிட்டர் இல்லையே என்றால், வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ துளை இருக்கும். 'கேம் மோட்' என்று இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் ஓட்டலாம். மானிட்டர் பிறகு வாங்கலாம். மோசமான கார்டை வாங்கிவிட்டால் அந்தப் பணம் போனதுதான். கூடத்தில் டிவியோடு இருந்தால் பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்பதும் அம்மாவின் கண்ணில் படும்! 4கே டிவியாக இருந்தால் விளையாட்டின் அமைப்பில் 1080 என்றே வைக்கவும். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள், 1080ல் 20,73,600. நான்கு மடங்கு வேலையைச் சிறிய கார்டின் தலையில் ஏற்றக் கூடாது.

5. பொருத்தம் பார்த்தல்

கல்யாணத்துக்கு மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். ஐந்து பொருத்தம் போதும்.

பிராசஸரும் சாக்கெட்டும். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700 சாக்கெட். ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4, 2022 செப்டம்பரில் வந்த 7000 வரிசை முதல் ஏஎம்5. ஒன்றில் மற்றொன்று உட்காராது.

மெமரியும் மதர்போர்டும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில். ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 16 ஜிபி வாங்கும் போது ஒரே துண்டாக இல்லாமல் 8, 8 என்று இரண்டாக வாங்கினால் வேகம் கூடும்.

எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதற்குள் படம் வரையும் பகுதி இல்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையே வராது. ஏஎம்டி ரைசன் 5600ஜி, 8600ஜி போன்றவற்றில் 'ஜி' என்றால் நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது.

கார்டும் கேஸும். கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் கேட்டு, கேஸில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கார்டும் போர்டும். இன்டெல் ஆர்க் பி580 போன்ற கார்டு 2024 டிசம்பரில் 249 டாலருக்கு, அதாவது சுமார் 96 ரியாலுக்கு, 12 ஜிபியோடு வந்தது. ஆனால் 'ரீசைசபிள் பார்' வசதி இல்லாத பழைய போர்டில் அதன் பலம் வெளிவராது.

பட்ஜெட் 150 ரியால்தான் என்றால் மனம் தளர வேண்டாம். 'ஜி' பிராசஸரோடு, கார்டு இல்லாமல், நல்ல பவர் சப்ளையுடன் தொடங்கலாம். மைன்கிராப்ட், ரோப்லாக்ஸ், வேலொரன்ட் விளையாடலாம். அடுத்த வருடம் கார்டு மட்டும் சேர்க்கலாம். தொடக்கத்திலேயே தரமான பவர் சப்ளை வாங்கியிருந்தால் அன்று அதை மாற்ற வேண்டியிராது.

6. பவர் சப்ளை: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

கணக்கு எளிது. ஐ3-12100எஃப் அதிகபட்சம் 89 வாட். ஆர்எக்ஸ் 6600 132 வாட். மற்றவற்றுக்கு 50 வாட். மொத்தம் 271 வாட். திடீரென்று ஏறும் தேவைக்கும் இடம் விட்டு 500 அல்லது 550 வாட் போதும். 850 வாட் வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்த 550 உண்மையான 550 ஆக இருக்க வேண்டும். '80 பிளஸ்' சான்று, தெரிந்த நிறுவனத்தின் பெயர், மூன்று வருடமாவது வாரண்டி, இவை மூன்றையும் பாருங்கள்.

மலிவான சிலவற்றின் பின்னால் 115/230 என்று சிறிய சுவிட்ச் இருக்கும். நம் ஊர் மின்சாரத்துக்கு அது 230ல் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பவர் சப்ளையோடு வந்த கேபிளை இன்னொரு நிறுவனத்தின் பவர் சப்ளையில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம், பாகம் கருகிவிடும். பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். குழந்தைகள் இதை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

7. நம் வெயிலும் தூசியும்

மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே உள்ள குரியாத்தில் 2018 ஜூன் 26 அன்று இரவு பகல் முழுவதும் வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. இப்படிப்பட்ட நாட்டில் கம்ப்யூட்டருக்குக் காற்று முக்கியம்.

கார்டின் சூடு அறையின் சூட்டோடு சேர்ந்து ஏறும். 25 டிகிரி அறையில் 65 காட்டும் கார்டு, ஏசி இல்லாத 38 டிகிரி அறையில் ஏறத்தாழ 78 காட்டும். ஆகவே முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேஸை விட, வலை போட்டு, தூசித் தடுப்பும் முன்னால் இரண்டு விசிறியும் உள்ள கேஸ் நமக்கு ஏற்றது. மேஜையின் அடைத்த அறைக்குள் வைக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

8. எங்கே வாங்குவது?

ஊருக்குப் போகும் போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாமா, துபாய் போகும் போது வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்காத பாகம் குறைவு. துபாய் பர் துபாயிலும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைய. ஆனால் பாகம் பழுதானால் அதை யார் எடுத்துக்கொண்டு போவது? பல வாரண்டிகள் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகின்றன. வித்தியாசம் ஐந்து, பத்து ரியால் என்றால் ரூவியிலேயே வாங்குவது நிம்மதி. பில்லைப் பத்திரமாக வையுங்கள். 2014ல் வந்த ஓமான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளை மாற்றவோ திருப்பித் தரவோ உரிமை தருகிறது. அதற்கு ஆதாரம் பில்தான்.

பழைய கார்டு வாங்குவோர் கவனிக்க வேண்டியது: 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற மின்நாணயம் தன் முறையை மாற்றியதால், அதுவரை இரவு பகலாக நாணயம் தோண்டிய கார்டுகள் உலகச் சந்தையில் குவிந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் அரை மணி நேரம் விளையாட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பெயரை மாற்றி விற்கும் பல போலி என்விடியா கார்டுகளை அது காட்டிக் கொடுக்கும். 'பைனல் எக்ஸிட்' போகும் தெரிந்த குடும்பத்திடம் பில்லோடு வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது.

நாமும் ஒரு நாள் ஊர் திரும்புகிறவர்கள்தானே? கேஸ் சிறியதாக, மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவில் இருந்தால் கொண்டு போவது எளிது. கார்டைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். இந்தியாவிலும் 230 வோல்ட்தான். மூன்று சதுர முள் பிளக் உள்ள வயரை மட்டும் ஊரில் மாற்றிக்கொண்டால் போதும்.

9. பிள்ளையின் பங்கு

கொட்டேஷனைப் பிள்ளையே ஒப்பிட்டு எழுதட்டும். பங்கீட்டுக் கணக்கையும் அவனே போடட்டும். பாகங்களைச் சேர்க்கும் போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, முதலில் கேஸின் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டுத் தொடங்கட்டும். மானிட்டர் வயரை மதர்போர்டில் அல்ல, கார்டில் செருக வேண்டும். முதல் நாள் "படம் வரவில்லை" என்று கலங்கும் பலருக்கும் காரணம் இதுதான். அதே கம்ப்யூட்டரில் பைத்தான் பழகலாம். விண்டோஸ் 11ல் உள்ள தமிழ்99 விசைப்பலகையில் தாத்தா பாட்டிக்குத் தமிழில் கடிதமும் எழுதலாம்.

"விளையாட்டுக்கு இத்தனை பணமா?" என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பளபளப்பைப் பார்த்து மயங்காமல் எண்ணையும் எழுத்தையும் படித்து, கணக்குப் போட்டு, குடும்பத்தின் பணத்தைப் பொறுப்போடு செலவழிக்க ஒரு பிள்ளை பழகிவிட்டால், பிற்காலத்தில் கார் வாங்கும் போதும் வீடு வாங்கும் போதும் அந்தப் பழக்கம் கூட வரும்.

பயிற்சி வினாக்கள் (10 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு)

1. ஐ5-4570, ஐ3-12100 இரண்டில் புதிய தலைமுறை எது? எப்படிக் கண்டுபிடித்தாய்?
2. 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸரைக் கார்டு இல்லாமல் வாங்கினால் என்ன ஆகும்?
3. 200 ரியாலை நம் பங்கீட்டின்படி பிரித்தால் கார்டுக்கு எவ்வளவு? பவர் சப்ளைக்கு எவ்வளவு?
4. 271 வாட் கம்ப்யூட்டர் தினம் 3 மணி நேரம் ஓடினால் 30 நாளில் எத்தனை யூனிட்?
5. வரி சேர்க்காமல் 180 ரியால் என்றால் வரியோடு எவ்வளவு?

விடைகள்: 1. ஐ3-12100, எண்ணின் தொடக்கத்தில் 12. 2. திரையில் படம் வராது. 3. 70 ரியால், 16 ரியால். 4. சுமார் 24 யூனிட். 5. 189 ரியால்.

கொட்டேஷன் வாங்கி வந்தவர்கள், கையெழுத்துப் போட்டு முன்பணம் கொடுக்கும் முன், விவரம் தெரிந்த உறுப்பினர் ஒருவரிடம் ஒரு முறை காட்டுங்கள். பஜனை முடிந்து பிரசாதம் வாங்கும் நேரத்தில் பத்து நிமிடம் போதும்.